பாய்ப்படகில் பாரம் ஏற்றினால் ஒருக்கால் ஆட்டிப் பாருங்கோ

சாமான் ஏற்ற முதல் ஒருக்கால், ஏற்றின பிறகு ஒருக்கால், படகைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு ஐந்து ஆட்டத்துக்கு எத்தனை செக்கன் எடுக்குது என்று போனில் பாருங்கோ. இடப்பக்கம் சரிஞ்சு, வலப்பக்கம் போய், திரும்ப இடப்பக்கம் வந்தால்தான் ஒரு ஆட்டம். இரண்டாம் தரம் நேரம் கூடினால், மேலே கட்டின தண்ணிக் கான், எண்ணெய்க் கான் எல்லாத்தையும் அடித்தட்டுக்கு இறக்குங்கோ. இறக்க ஏலாவிட்டால் பாயை வழமையை விட முந்திச் சுருக்க வேணும்.

பாரம் உயர உயர, படகை நிமிர்த்தி விடுகிற விசை மெலியும். அதனால்தான் ஆட்டம் மெதுவாகும். 10 செக்கன் 12 ஆனால் நிமிரும் வலு ஏறத்தாழ 30 வீதம் குறைஞ்சிட்டுது என்று எடுக்கலாம். மெல்ல ஆடுகிற படகு உடம்புக்குச் சுகம்தான், ஆனால் அந்தச் சுகத்தை நம்பக் கூடாது.

பாரத்தை இரண்டு விளிம்பிலும் ஒதுக்கி வைத்தாலும் நேரம் கொஞ்சம் கூடும், அதுக்குப் பயப்படத் தேவையில்லை. படகைக் கட்டின கயிறு இறுக்கமாக இருந்தால், உள்ளே தண்ணி தளும்பினால், நந்திக்கடல் களப்பு மாதிரி அடி தட்டுகிற ஆழத்தில் நின்றால் கணக்குப் பிழைக்கும். வாடைக் காலத்தில் முல்லைத்தீவுக் கரையில் செய்து பிரயோசனமில்லை, அலையே ஆட்டிப்போடும். இரட்டை உடல் படகுக்கும் இது பொருந்தாது. பாய் தண்ணியில் படுகிற அளவுக்குச் சரிஞ்சால் படகு எழும்புமா என்பதையும் இது சொல்லாது. அது அடிப்பாரத்தையும் மூடிகள் இறுக்கமாக இருக்கிறதையும் பொறுத்தது.