சீடு டேட்டா ஏற்றும்போது பிழையுள்ள பதிவைக் கண்டறிய

வேலூர்ப் பகுதிக்கான ஒரு சிறு செயலிக்காக மாவட்டம், வட்டம் ஆகிய இரண்டு டேபிள்களைச் சீடு டேட்டாவால் (செயலி தொடங்கத் தேவையான ஆரம்பத் தரவு), பைத்தானின் டேட்டாபேஸ் நூலகமான எஸ்க்யூஎல்அல்கெமி வழியாக நிரப்பியபோது, மாற்றங்களை நிலையாகச் சேமிக்கும் கடைசி கமிட் வரியில் ஃபாரின் கீ பிழை (ஒரு பதிவு சுட்டும் பதிவு மற்ற டேபிளில் இல்லாதபோது வருவது) வந்து நின்றது. குற்றம் அந்த வரியில் இல்லை. ஆட் என்று எழுதும்போது பதிவு செஷனில், அதாவது நினைவகத்திலுள்ள காத்திருப்புப் பட்டியலில், சேர்கிறதே தவிர, இன்சர்ட் கட்டளை ஃப்ளஷ் நடக்கும்போதுதான் டேட்டாபேஸுக்குச் செல்கிறது. ஆகவே, சோதிக்கும் வேளையில் மட்டும் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் ஃப்ளஷ் செய்து, இன்ஜினில் (டேட்டாபேஸ் இணைப்பைக் கையாளும் பகுதி) கட்டளைகளைத் திரையில் காட்டும் எக்கோவையும் இயக்கி வைத்தால், எந்தப் பதிவில் இடறுகிறது என்பது திரையிலேயே தெரிந்துவிடும். எனக்கு இடறியது ஆம்பூர். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வட்டங்களின் பட்டியலைக் கவனமாகத் திருத்திய நான், மாவட்ட டேபிளில் திருப்பத்தூரைச் சேர்க்க மறந்திருந்தேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஐடி எண்களை நாமே கொடுத்து ஏற்றினால், அடுத்த ஐடியைத் தரும் எண்ணியான சீக்வென்ஸ் நகராமல் பழைய இடத்திலேயே நிற்கும். ஏற்றம் சிக்கலின்றி முடிந்தாலும், பிறகு பயனர் சேர்க்கும் முதல் பதிவே டூப்ளிகேட் கீ பிழையில் விழும். அப்போது சீடு கோப்பின் மீது யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் எரிச்சல். ஏற்றி முடித்தவுடன் செட்வால் என்ற ஃபங்ஷனைக் கொண்டு சீக்வென்ஸை அந்த டேபிளின் அதிகபட்ச ஐடிக்கு நகர்த்திவிடுங்கள்.