ஜாம்பிகளை விடுங்கள், சியர்லீடரைப் பிடியுங்கள்

ஹாலோவீன் இரவுக்குப் பேய் கேம் வேண்டும், ஆனால் ஆடி முடித்தபின் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது ‘ஜாம்பீஸ் ஏட் மை நெய்பர்ஸ்’. 1993-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் உருவாக்கி, கொனாமி வெளியிட்டது. சூப்பர் நின்டெண்டோ, சேகா வீடியோ கேம் கருவிகளில் வந்த இதை 2021-இல் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி என எல்லாவற்றுக்கும் மறுபடி கொண்டுவந்தார்கள். அதையே வாங்குங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

ஸீக், ஜூலி இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் கையில் ஒரு தண்ணீர்த் துப்பாக்கி வரும். புதிதாக ஆடுபவர்கள் உடனே கண்ணில் படும் ஜாம்பியை எல்லாம் சுட ஆரம்பித்துவிடுவார்கள். வேண்டாம். சுடச் சுட அவை முளைத்துக்கொண்டேதான் இருக்கும், தண்ணீர்தான் தீரும். ஆட்டமே பக்கத்து வீட்டுக்காரர்களைக் காப்பாற்றுவதுதான். ரேடாரைத் திறந்தால் அவர்கள் புள்ளிகளாகத் தெரிவார்கள். ஓடிப்போய்த் தொட்டால் போதும். எல்லோரையும் மீட்டு முடித்ததும் வெளியேறும் கதவு திறக்கும்.

இதில் ஒரு கொடூரக் கணக்கு உண்டு. முதலில் பத்துப் பேர் இருப்பார்கள். பேய் தொட்டு ஒருவர் இறந்தால், தேவதையாகி மேலே பறந்துபோவார், அடுத்த கட்டத்தில் ஒன்பது பேர்தான். ஒருவரும் மிஞ்சாவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் அருகில் இருப்பவரை முதலில் பிடிக்காதீர்கள், ஆபத்தில் இருப்பவரிடம் ஓடுங்கள். மீட்க வேண்டியவர்களில் சியர்லீடர், அதாவது மைதானத்தில் ஆடிப்பாடி அணியை உற்சாகப்படுத்தும் பெண், அவளுக்குப் புள்ளிகள் அதிகம் என்பதால் எனக்கு அவள்மேல் தனிப் பாசம். பகலில் தொடங்கி இருட்டும் கட்டங்களில், மீட்க வேண்டியவர்களில் சுற்றுலாப் பயணிகளை முதலில் மீட்டுவிடுங்கள். இரவானால் அவர்களே ஓநாய் மனிதர்களாகி உங்களைத் துரத்துவார்கள்.

எந்தப் பேய்க்கு எந்த ஆயுதம் என்பதில்தான் சுவாரசியம். ஓநாய் மனிதனுக்கு வெள்ளிக் கரண்டி, ஒரே வீச்சு. செடிப் பேய்களுக்குக் களைவெட்டி. தீயணைப்பான் பேய்களை அப்படியே உறைய வைக்கும். பசூக்காவை மட்டும் பேய்மேல் வீணாக்காதீர்கள்: அது சுவரையும் வேலியையும் உடைத்து வழி போடும். மரம் அறுக்கும் ரம்பத்தோடு வருபவன் புதர் வேலியை அறுத்துக்கொண்டு நேரே வருவான். அவனோடு மல்லுக்கட்டாமல் ஊதிய கோமாளி பொம்மையை வைத்துவிட்டு நழுவுங்கள், அவன் பொம்மையைத்தான் தேடிப் போவான். அவன் அறுத்த வழி உங்களுக்கு இலவசம்.

இருவர் ஆடினால் திரை ஒன்றுதான், ஆளுக்கொரு பக்கம் ஓட முடியாது. அதனால் யார் முன்னால் போவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் காரணம். பழைய கேமில் சில கட்டங்களுக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் தருவார்கள். அதை வைத்துத் திரும்பி வந்தால் சேர்த்த ஆயுதம் எதுவும் இருக்காது. பின்கட்டப் பேய்களை வெறும் தண்ணீர்த் துப்பாக்கியோடு எதிர்கொள்வது தற்கொலை. மறுவெளியீட்டில் சேமிக்கும் வசதி இருக்கிறது.