சுண்டெலி மூளையில் இருப்பது மனித மூளையிலும் அதே இடத்தில் இருக்கிறதா? ஆலன் அட்லஸில் பார்க்கும் முறை

சுண்டெலிக்குப் பலன் தந்த மருந்து மனிதரிடம் பலிக்காமல் போகப் பல காரணங்கள். ஒன்றை மட்டும் சோதனை தொடங்கும் முன்பே பார்த்துவிடலாம்: மருந்து போய்ப் பிடிக்கவேண்டிய ஏற்பி (செல்லில் உள்ள ஒரு புரதம்) இரண்டு மூளையிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறதா? அமெரிக்காவில் சியாட்டிலின் ஆலன் நிறுவனம் இதற்கான தரவை, எந்த மரபணு மூளையில் எங்கே செயல்படுகிறது என்று காட்டும் இணைய அட்லஸ்களாக, இலவசமாகத் தருகிறது.

உதாரணத்துக்கு எச்டிஆர்6 (HTR6) என்ற மரபணு. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளுக்கான ஓர் ஏற்பியை உருவாக்குவது இது. இந்த ஏற்பியைத் தடுக்கும் இடலோபிர்டின், இன்டெபிர்டின் ஆகிய மருந்துகள் இரண்டும் அல்சைமருக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றவை. அதற்குச் சுண்டெலிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. பழக நல்ல மரபணு, அவ்வளவுதான்.

1. முதலில் சுண்டெலி அட்லஸ். 2006இல் முடிந்தது, சுமார் 20,000 மரபணுக்கள். மரபணுவின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாகத் தட்டுங்கள் (Htr6). சுண்டெலி மரபணுவை அப்படித்தான் எழுதுவார்கள். மூளைச் சீவல்களின் படம் வரும். மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளின் ஒரு பகுதியான ஸ்ட்ரையாட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

2. அடுத்து மனித அட்லஸ், மைக்ரோஅரே (பல மரபணுக்களின் ஆர்என்ஏ அளவை ஒரே நேரத்தில் அளக்கும் முறை) பக்கம். இங்கே பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள் விரியும். ஒவ்வொரு வரிசையும் ஒரு புரோப் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவைக் கண்டறியும் சிறு டிஎன்ஏ துண்டு), ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு திசு மாதிரி.

இங்கேதான் நிதானம் வேண்டும். சிவப்பு என்றால் ‘நிறைய இருக்கிறது’ என்று பொருள் இல்லை. அதே புரோப் மற்ற பகுதிகளில் காட்டுவதைவிடக் கூடுதல், அவ்வளவே. ஆகவே இரண்டு மரபணுக்களின் சிவப்பை ஒப்பிடாதீர்கள். ஒரே மரபணுவின் புரோப்கள் தங்களுக்குள் முரண்பட்டால் முடிவுக்கு வராதீர்கள். இன்னொன்று: 3,702 மாதிரிகள் என்பது பெரிதாகத் தெரியும், ஆனால் அவை ஆறே பேருடையவை. ஐவர் ஆண்கள். வலது அரைக்கோள மாதிரி இருவரிடம் மட்டுமே.

3. சரி, இப்போது வெளியான ஆய்வுகளோடு ஒத்துப் பாருங்கள். மனிதரிலும் எலியிலும் (rat, சுண்டெலியைவிடப் பெரிய இனம்) இந்த ஏற்பி அடித்தள முடிச்சுகளில் செறிந்திருக்கிறது. சுண்டெலியில் அந்தச் செறிவு இல்லை என்று 2003இலேயே காட்டிவிட்டார்கள். ஏற்பியில் மருந்து பிணையும் விதத்தை மாற்றும் இரண்டு அமினோ அமிலங்களும் சுண்டெலியில் வேறு. ஆய்வகத்தில் எலி வேறு, சுண்டெலி வேறு என்பதை இங்கே மறக்கக்கூடாது. இந்த இலக்குக்குச் சுண்டெலியை நம்பித் திட்டம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

4. அட்லஸ் காட்டுவது ஆர்என்ஏ (மரபணுவின் நகல்), ஏற்பியான புரதம் அல்ல. உயிருள்ள மூளையில் ஏற்பியையே அளக்கும் பெட் (PET) ஸ்கேன் ஆய்வு இருந்தால் அதையும் பாருங்கள்.

வளரும் மூளை சார்ந்த நோய் என்றால் இந்தப் பெரியவர்களின் தரவு போதாது. ஐஐடி மெட்ராஸ் 2024இல் வெளியிட்ட ‘தரணி’ அட்லஸில் கரு மூளையின் 5,132 சீவல்கள் உண்டு. ஆனால் அது முதன்மையாகத் திசுவின் அமைப்பைக் காட்டுவது. மேலே சொன்னதுபோல் மரபணு தேட அதை எடுக்காதீர்கள்.