வட்டார உணவகங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பல மாநிலங்களில் சாப்பிட்டுப் பார்த்து உணவகங்களை ஒப்பிட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பண்டத்தை எல்லா ஊரிலும் கேட்டு வாங்குகிறார்கள். தில்லியில் சாப்பிட்ட மசால் தோசையை உடுப்பியில் சாப்பிட்டதோடு ஒப்பிட்டால், தோசை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியுமே தவிர, தில்லிக் கடை தன் ஊர்க்காரர்களுக்கு எதை எப்படிச் சமைத்துப் போடுகிறது என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு கடையையும், அதன் வாடிக்கையாளர்கள் நாள்தோறும் எதற்காக அங்கே வருகிறார்களோ அதை வைத்தே அளக்க வேண்டும்.

முதல் வேலை, இனம் பிரிப்பது. மும்பையில் 1904ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கயானி போன்ற இரானி கஃபேக்களை மதுரை மெஸ்ஸோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. முன்னது தேநீருக்கும் வெண்ணெய் தடவிய பன்னுக்கும் போகும் இடம், பின்னது வயிறு நிறையச் சோறு உண்ணும் இடம். இரானி கஃபேக்கு இணையாகக் கேரளத்துச் சாயாக்கடையையோ, பாலையும் டிகாஷனையும் தனித்தனியே காய்ச்சிக் கலக்கும் ஹைதராபாத் இரானிச் சாய்க் கடையையோ வைக்கலாம். 1983இல் பெங்களூரு ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினியைப் பின்பற்றி எழுந்த, நின்றுகொண்டே சாப்பிடும் சிற்றுண்டிக் கடைகளுக்கு, காலை அவசரத்தில் சென்னைவாசிகள் நுழையும் டிபன் கடைகளே பொருத்தமான இணை. நேரமும் இதில் அடங்கும்: தர்ஷினிக்குக் காலை எட்டு மணிக்கும், மெஸ்ஸுக்கு நண்பகலிலும் போனால்தான் கடையின் உண்மையான வேகமும் சூடும் தெரியும்.

சோற்றுக் கடைகளையும் ரொட்டிக் கடைகளையும் ஒப்பிட, பருப்பை அளவுகோலாகக் கொள்வதே என் பரிந்துரை. மீனும் கறியும் அன்றைய வரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். பருப்பு அப்படியன்று, மலிவான பண்டம் என்பதால் சமையற்காரரின் பொறுமை அதில் ஒளிவில்லாமல் தெரிந்துவிடும். 1916இல் ஷேக்குபுராவில் தொடங்கி, நாட்டுப் பிரிவினைக்குப் பின் அமிர்தசரஸுக்கு இடம்பெயர்ந்த கேசர் தா தாபாவின் புகழே, பல மணி நேரம் வெந்த கறுப்பு உளுந்தின் மேல்தான் நிற்கிறது. ஆந்திர மெஸ்ஸில் கெட்டியான முத்தப்பப்பு நெய்யோடும் ஆவக்காயோடும் வரும். குஜராத்தித் தாலியில் துவரம்பருப்பில் வெல்லமும் புளிப்பும் சேர்ந்திருக்கும். வங்காளத்தில் வறுத்த பாசிப்பருப்பை மீன் தலையோடு சேர்த்துச் சமைப்பதும் உண்டு. உடுப்பிச் சாம்பாரில் இனிப்பு தட்டுகிறதே என்று மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது. வெல்லம் போடுவது அந்த ஊர் வழக்கம். அந்த இனிப்பு புளியையும் காரத்தையும் அமுக்கிவிடாமல் நிற்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

விலையை ஒப்பிடும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கொல்கத்தாவின் பைஸ் ஹோட்டல்கள் எனப்படும் மலிவுச் சோற்றுக் கடைகளில் சோறு, பருப்பு, மீன் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. சில கடைகளில் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடக் காசு உண்டு. குஜராத்தித் தாலிக் கூடங்களிலோ ஒரே விலைக்குப் போதும் என்று கைமறிக்கும் வரை பரிமாறுவார்கள். நம் ஊரிலேயே அளவுச் சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் விலை வேறு. ஆகவே விலைப்பலகையில் உள்ள எண்ணைக் குறிக்காமல், வயிறு நிறைந்து எழும்போது கொடுத்த மொத்தத் தொகையையும், மறுசோற்றுக்கு என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். குறைவாகச் சாப்பிடுபவருக்குப் பைஸ் ஹோட்டலும் நிறையச் சாப்பிடுபவருக்குத் தாலியும் மலிவாகத் தெரியும் என்பதால், இருவராகப் போவது நல்லது.

உண்ணும் வரிசையை அந்தந்த ஊர் வழக்கப்படியே விட்டுவிடுங்கள். வங்காளத்தில் கசப்பான காய்க்கூட்டான சுக்தோ முதலில் வரும், பிறகு பருப்பு, அதன்பின் மீன், கடைசியில் இனிப்பான சட்னி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லிச் சாம்பார் சாதம் போலப் பிசைந்தால் எந்தக் கடைக்கும் மதிப்பெண் போட முடியாது. பைஸ் ஹோட்டலின் பட்டியல் சந்தைக்கு வந்த மீனைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுவதால், ஒரே வருகையில் தீர்ப்பு எழுதாமல் இன்னொரு நாளும் போய்ப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைத் தாபாக்களில் பட்டியல் அவ்வளவாக மாறாது. அங்கே ஒரு முறை போதும்.

பருப்பு என்னும் அளவுகோல் எல்லா இடத்துக்கும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷில்லாங்கின் ஜாதோக் கடைகளில் பன்றி இறைச்சியோடும் இரத்தத்தோடும் வேகவைத்த ஜாதோச் சோறும், கறுப்பு எள்ளில் சமைத்த பன்றிக் கறியான தோநெய்யோங்கும், புளிக்கவைத்த சோயாவில் செய்த துங்ரிம்பாயும்தான் முக்கியம். அங்கே சோற்றையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, பருக்கை குழையாமல் இறைச்சியின் சாற்றை உறிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.