கல்யாண மண்டபத்தை வார்டாக மாற்ற: முதலில் காற்று, பிறகு கட்டில்

2020-ல் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலேயே கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில் போட்டார்கள். அவ்வளவு பெரிய கூடம் எல்லா ஏரியாவிலும் கிடையாது. கல்யாண மண்டபம் உண்டு. மூச்சு வழி பரவும் நோய்க்கு அதை வார்டாக்கும்போது எல்லாரும் முதலில் கட்டிலைத்தான் எண்ணுவார்கள். காற்று எப்படி ஓடும் என்று பார்த்துவிட்டு எண்ணுங்கள்.

60-க்கு 40 அடி ஹாலில், நடைபாதையும் சேர்த்துக் கட்டிலுக்கு 100 சதுர அடி விட்டால் 24 கட்டில். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு, சாதாரண வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று. 24 பேருக்கு மணிக்குச் சுமார் 5,200 கன மீட்டர். இரண்டு 18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்று தோன்றும். வலையும் லூவரும் (சாய்வான தகடுகள் கொண்ட மூடி) மாட்டினால் பெட்டியில் போட்டிருக்கும் அளவு வராது. மூன்று போடுங்கள், ஒன்று நின்றாலும் சமாளிக்கலாம். ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றிவிடும், அணைத்துவிடுங்கள்.

சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். அதனால் ஃபேன் மேற்குச் சுவரில், நர்ஸ் மேசை கிழக்கு ஜன்னலோரம். மேடை மேற்கில் இருந்தால், பார்வைக்கு எவ்வளவு வசதியானாலும் நர்ஸை அங்கே உட்கார வைக்காதீர்கள். ஆனி, ஆடியில் காலை மேற்குக் காற்று ஃபேனை எதிர்த்துத் தள்ளும். வெளியே மழைத்தடுப்புக் கூண்டு வைத்தால் அந்த வேகம் உடையும்.

அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று: புழுக்கம் என்று யாராவது ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அந்த ஜன்னல் காற்றையே ஃபேன் இழுத்துத் தள்ளும், நடு ஹால் அப்படியே தேங்கிவிடும். ஆக்சிஜனும் ஆட்களும் வருவதற்கு முன்பே, ஊதுபத்தியைக் கட்டில் உயரத்தில் பிடித்துக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். புகை நேராக மேலே ஏறினால் அந்த இடத்தில் கட்டில் வேண்டாம்.

மணமகள் அறை கவச உடை அணிய, மணமகன் அறை கழற்ற. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். கழிப்பறை 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும். மூச்சுத் திணறுபவர் குந்தி உட்கார முடியாது, கமோடு நாற்காலி வையுங்கள். 7 கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டரில் சுமார் 11½ மணி நேரம் வரும். நிற்கும் சிலிண்டரைச் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

புது மண்டபம் கட்டுபவர்கள் மேற்குச் சுவரில் 20 அங்குலத் துளை மூன்று விட்டு, பிளைவுட்டால் மூடி, பக்கத்திலேயே வயர் இழுத்து வைத்துவிடலாம். பிறகு சுவர் உடைக்கும் இரண்டு நாள் மிச்சம்.