சேன்-லூ கடலில் இறங்குவதற்கு முன்

சேன்-லூ படகுத்துறை அருகே நின்று கடலைப் பாருங்கள். பவளத்திட்டின் மேல் நீளமாக ஓடும் வெள்ளை நுரைக்கோடு ஓரிடத்தில் அறுந்து, தண்ணீர் கருநீலமாகத் தெரியும். அதுதான் பாஸ். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் மேற்குக் கரையில் உள்ள இந்த ஊரை அறிய அந்த இடைவெளியிலிருந்து தொடங்குவது நல்லது.

மலையிலிருந்து இறங்கும் ஓடை நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டும் இடத்தில் பவளம் வளராது. அதனால் திட்டு அங்கே விட்டுப்போகிறது. படகு உள்ளே நுழைய வழி கிடைத்தது. தெற்கிலிருந்து வரும் பெரிய அலை திட்டின் விளிம்பில் மடிந்து, பாஸை நோக்கி வரிசையாக உடைந்துகொண்டே போகிறது. உலகெங்கும் பலகையில் அலைச்சறுக்குவோர் சொல்லும் 'லா கோஷ்' என்ற இடப்பக்க அலை இதுதான். 2005இல் உலகச் சுற்றுப் போட்டி ஒன்று இங்கே நடந்தது. மிக் ஃபேனிங் வென்றார். லகூனில், அதாவது கரைக்கும் திட்டுக்கும் நடுவிலுள்ள ஆழமில்லாத கடலில், தேங்கும் தண்ணீர் வெளியேறுவதும் அதே வழியில்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் மாதத்தைப் பாருங்கள். தைப்பூசக் காவடிக்காக ஜனவரி, பிப்ரவரியில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள், கடலைப் பொறுத்தவரை சரியில்லாத நேரத்தில் வருகிறார்கள். அது புயல் காலம். மழை பெய்தால் ஓடைகள் கலங்கிக் கடலில் விழும். கலங்கல் தண்ணீர்தான் காளைச்சுறாவுக்குத் தோதான இடம். மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் புயல்கள் எழுப்பும் பெரிய அலைகள் வரும். அது கைதேர்ந்தவர்களின் காலம். தண்ணீரும் 23 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும். குழந்தைகளோடு லகூனில் நனைய அக்டோபர், நவம்பர் நல்லது.

அடுத்தது மணி. தென்கிழக்குக் காற்றை மலை மறைத்துவிடுவதால் காலையில் இங்கே மெல்லிய கரைக்காற்றுதான் இருக்கும், தண்ணீர் வழவழவென்று கிடக்கும். பத்து மணி வாக்கில் கடல்காற்று எழுந்து அலையைக் குலைத்துவிடும். வேறு ஊர்களில் சறுக்குவோர் விடியலிலேயே இறங்குவார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். விடியலும் அந்தியும்தான் சுறா இரை தேடும் வேளை. வெயில் நன்றாக ஏறியபின், காற்று எழுவதற்கு முன், அதாவது எட்டு முதல் பத்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுறா விஷயத்தில் இந்த ஊர் மிகைப்படுத்திப் பயப்படவில்லை. 2011 முதல் 2019 வரை தீவைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்டோர் சுறா தாக்கி இறந்தார்கள். 2013 ஜூலையில் ப்ரெஃபெ (தீவில் பிரெஞ்சு அரசின் பிரதிநிதி) போட்ட ஆணை, கரையிலிருந்து 300 மீட்டருக்குள் குளிப்பதையும் பலகை விளையாட்டுகளையும் தடைசெய்தது. லகூனுக்கும் கண்காணிப்புள்ள இடங்களுக்கும் மட்டும் விலக்கு. அதன்பிறகு அது அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வருகிறது. ஆகவே போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பிப் பலகையோடு கிளம்பாதீர்கள்; நகராட்சி அலுவலகத்திலோ உள்ளூர் சர்ஃப் கிளப்பிலோ இன்றைய விதியைக் கேளுங்கள். சுறா படம் போட்ட கொடி பறந்தால் பேச்சுக்கே இடமில்லை. ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஜொஹான் தெஃபே வளர்ந்த தீவு இது. இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகள் கிளப்பில் கண்காணிப்போடு கற்கிறார்கள்.

லகூனில் குளிக்க மட்டும் வந்தவர்கள் பெரும்பாலும் சுறாவால் அல்ல, இழுப்பால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அலை திட்டைத் தாண்டி உள்ளே கொட்டும் தண்ணீர் திரும்ப அதே வழியில் போக முடியாது. கரையோரமாக ஓடிப் பாஸ் வழியாக வெளியே பாய்கிறது. வெளியே அலை பெரிதாக இருக்கும் நாளில், உள்ளே இடுப்பளவு தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் ஓட்டம் வேகமாக இருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: கரையில் நிற்கும் சவுக்கு மரத்தின் காய்ந்த குச்சி ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அதோடு கூடவே கரையில் நடந்து பாருங்கள். குச்சி உங்கள் நடைக்கு ஈடுகொடுத்தால் அன்றைக்குக் கணுக்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். அந்த வேகத்தை எதிர்த்துச் சாதாரண ஆளால் நீந்த முடியாது. குச்சி அசையாமல் கிடந்தாலும் பாஸை விட்டு நன்றாகத் தள்ளியே இறங்குங்கள். இழுப்பு பிடித்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல், கரையைப் பார்த்துக் குறுக்காக நீந்துங்கள். முடியாவிட்டால் மிதந்து கையை ஆட்டுங்கள். கடலில் உதவிக்கு 196, கரையில் மருத்துவ உதவிக்கு 15.

காலில் பிளாஸ்டிக் செருப்பு கட்டாயம், அதுவும் பின்வார் உள்ளது. கடல் முள்ளெலியும் கல்மீனும் இருக்கின்றன. கல்மீன் பாறை போலவே கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். முள் குத்தினால் காலைப் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில், கொதிநீரில் அல்ல, அரை மணிக்கும் குறையாமல் வைத்துக்கொண்டே 15ஐக் கூப்பிடுங்கள். 2007 முதல் இது கடல் காப்பகம். பவளத்தின் மேல் நிற்கவோ, ஒரு துண்டை எடுத்துப் பையில் போடவோ கூடாது. வெயிலுக்கான கிரீமை உடம்பெல்லாம் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது மேல்.

அனுமதியோடு 'லா கோஷ்' அலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திட்டின் மேலே நடந்து போகாதீர்கள். பலகையில் படுத்துக் கையால் துழாவிப் பாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போங்கள். இங்கே ஓதத்தின் ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்று அசட்டையாக இருக்க வேண்டாம், வற்றும்போது அந்த ஒன்றிரண்டு சாணில்தான் எல்லாம் இருக்கிறது. விழும்போது காலையோ தலையையோ முன்னால் விடாமல், கைகால் விரித்துத் தட்டையாக விழ வேண்டும். பவளம் கீறினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, துணுக்குகளை இடுக்கியால் எடுத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். துணுக்கு உள்ளே தங்கினால் புண் சீழ் பிடிக்கும்.

கொடி ஏறிய நாளில் ஊர் தன் மற்ற முகத்தைக் காட்டும். கரையோரக் கெலோனியா இன்று ஆமைகளைக் காக்கும் இடம்; முன்பு அதே இடத்தில் ஆமையை இறைச்சிக்காக வளர்த்தார்கள். மேலே பிதோன் சேன்-லூ பக்கம் ஸ்தெல்லா மாத்துதினா என்ற பழைய சர்க்கரை ஆலை. காப்பியால் செழித்த ஊர் 1806, 1807 புயல்களுக்குப் பிறகு கரும்புக்கு மாறியது. 1811இல் அடிமைகள் இங்கே கிளர்ந்தெழுந்தார்கள். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களில் நம்மவர்களே அதிகம். 1978இல் மூடிய ஸ்தெல்லா சர்க்கரை ஆலை 1991 முதல் அருங்காட்சியகம். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அரை மணியில் இயந்திரங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது வீண்.

ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் சூஃப்ளேர் இருக்கிறது. பாறையின் அடியில் உள்ள குகைக்குள் அலை புகுந்து மேலுள்ள ஓட்டை வழியாகச் சீறும். அலை பெரிதாக உள்ள நாளில்தான் பார்க்க அழகு, அன்றைக்குத்தான் பாறையிலிருந்து ஆளை அடித்துக்கொண்டும் போகும். எது வரை போகலாம் என்பதைப் பாறையே சொல்லும்: ஈரமாக மினுங்கும் கறுப்பு வரை அலை வந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் பத்து அடி பின்னால், காய்ந்து வெளிறிய கல்லில் நின்று பாருங்கள். போட்டோ எடுக்கும்போதும் கடலுக்கு முதுகு காட்ட வேண்டாம்.