ஆறாவது, ஏழாவது பசங்களுக்கு கதை கட்ட எப்படிங்க சொல்லித்தர்றது

மொத நாளே போர்டுல முக்கோணம் போட்டு தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவுன்னு எழுதாதீங்க, பசங்க அதை அழகா நோட்டுல பாத்து எழுதிட்டு கம்முனு உக்காந்துக்குவாங்க, கதை மட்டும் வராது. அந்த முக்கோணமே 1863ல குஸ்டாவ் ஃப்ரைடாக்னு ஒரு ஜெர்மன்காரர் நாடகத்தை அலசறதுக்குப் போட்டது. அதை கடைசியில காட்டிக்கலாம்.

மொதல்ல வாயில சொல்ல வைங்க. "காட்டுல மேஞ்சுட்டு வந்த வெள்ளாட்டுல ஒண்ணு கொறையுது", இவ்வளவு குடுத்தா போதும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பசங்கன்னா ஆளாளுக்கு கையத் தூக்குவாங்க. திருப்பூர் டவுனுக்குள்ள இருக்கற ஸ்கூல்னா அம்மா கம்பெனிக்குப் போயாச்சு, ஊட்டுச் சாவியக் காணோம்னு மாத்திக்கோங்க.

ஒருத்தன் எந்திரிச்சு இப்படித்தான் சொல்லுவான்: "ஆட்டக் காணோம்ங் டீச்சர், அப்புறம் தேடுனோம்ங், அப்புறம் கெணத்துப் பக்கம் போனோம், அப்புறம் அப்பிச்சி வந்தாருங், அப்புறம் ஆடு கெடச்சிருச்சு." வேலையே இங்கதான் இருக்கு. ஒவ்வொரு அப்புறத்தையும் எடுத்துட்டு அங்க "அதனால" இல்லாட்டி "ஆனா" போட்டு மறுக்கா சொல்லச் சொல்லுங்க. ஆட்டக் காணோம், அதனால கெணத்துப் பக்கம் தேடிப் போறான், ஆனா தனியா அங்க போகக்கூடாதுன்னு அப்பிச்சி சொல்லியிருக்காரு, ஆனா உள்ளார ஆடு கத்தற சத்தம் கேக்குது. இப்ப பின்னாடி பெஞ்சுக்காரனே "எறங்குனானா?"ன்னு கேப்பான். அந்த எடந்தான் உச்சம்னு அப்பவே சொல்லிருங்க, ஏன்னா உச்சம்னா அடிதடின்னு முக்காவாசிப் பேர் நெனச்சுட்டு இருப்பாங்க. அவன் ஒண்ண முடிவு பண்ணியே ஆகோணும்ங்கற நேரம், அவ்வளவுதாங்க.

அடுத்த பீரியட்ல ஒரு சின்னக் கதைய ஏழெட்டு துண்டுப் பேப்பரா வெட்டி கலைச்சு குரூப்புக்கு ஒரு செட் குடுத்து அடுக்கச் சொல்லுங்க. ரெண்டு துண்ட எடம் மாத்தி வெச்சாலும் கதை கெடலைன்னா அதுல ஒண்ணு தேவையே இல்ல, பசங்களே கண்டுபிடிச்சுத் தூக்கிப் போடுவாங்க.

அண்ணமார் கதைய, அதான் பொன்னர், சங்கர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரப் பத்தின கொங்கு நாட்டுக் கதைய, உடுக்கைப்பாட்டுல கேட்ட பசங்க கிளாஸ்ல இருந்தா உட்றாதீங்க. கொம்பன்ங்கற காட்டுப் பன்னி செத்ததோட கதை ஏன் முடியல, அதுக்கப்புறந்தான பொன்னருக்கும் சங்கருக்கும் சாவு வருதுன்னு கேட்டுப் பாருங்க, ஒரு சிக்கல் தீர்றது இன்னொண்ண எப்படி இழுத்துட்டு வருதுன்னு இத விட நல்லா எந்த கைடும் சொல்லாது. ஆனா எந்தச் சாதி பெருசுங்கற பேச்சு கிளாசுக்குள்ள வராம பாத்துக்கோங்க, வந்தா அன்னைக்குப் பாடம் போச்சு.

எழுதறதுக்கு முன்னாடி மூணு கேள்விக்கு ஒத்தை வரியில பதில் வாங்கிருங்க: இவனுக்கு என்ன வேணும், எது தடுக்குது, கடைசியில என்ன முடிவு எடுக்கறான். "திடீர்னு முழிச்சுப் பாத்தேன், எல்லாம் கனவு"ங்கற முடிவுக்கு மட்டும் தடா போடுங்க, இல்லாட்டி பாதி நோட்டு அதுலதான் முடியும்.

திருத்தறப்போ மொத தடவ ஒற்றுப்பிழை, ற-ர எல்லாம் கண்டுக்காதீங்க. அப்புறம்னு இருக்கற எடத்தையெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டு நோட்டத் திருப்பிக் குடுங்க, மறுக்கா எழுதிட்டு வரட்டும்.